அரை மில்லிமீட்டர்

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முட்டிவலி எப்படி, உன் மகள் குட்டி எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று விவரமாக எழுது.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. இந்த நாட்டு மண்ணில் நான் காலை வைத்தபோது என் முன்பல் என் சட்டைப்பையில் இருந்தது.

விமானத்தில் கொடுத்த ரொட்டி அப்படி. ஒரு கடி கடித்தேன், முன்பல்லுக்கு மாட்டியிருந்த கேப் கழன்று ரொட்டியோடு போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க, ரொட்டிக்குள் விரலை விட்டு என் பல்லைத் தோண்டி எடுத்தேன். அந்தக் கேப் யாருடைய கைவண்ணம் என்று உனக்குத் தெரியும். "மாமா, இது உங்க ஆயுசுக்கும் நிக்கும்" என்றார் உன் மாப்பிள்ளை. என் ஆயுசு ஒன்பது மணி நேரம் என்று நினைத்திருக்கிறார் போல. அவரிடம் சொல்லாதே. சொன்னால், "சிமெண்ட் காயறதுக்குள்ள மாமா பேச ஆரம்பிச்சுட்டார்" என்பார். அதுவும் உண்மைதான்.

இறங்கியதும் ஒரு அதிகாரி என் காகிதங்களைப் புரட்டினார். என்ன தொழில் என்று கேட்டார். பல் டாக்டர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் வாயைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். வயது நாற்பத்தாறு, அனுபவம் இருபத்திரண்டு வருடம், படிப்புக்கு இத்தனை புள்ளி, மொழிக்கு இத்தனை புள்ளி என்று சேர்த்துச் சேர்த்து வாங்கிய விசா, எல்லாம் அந்த ஒரு ஓட்டையில் இறங்கிப் போய்விட்டது. மனுஷர் சிரிக்காமல் முத்திரை குத்தினார். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறை கிடைத்துவிட்டது. துணி வெளுக்கும் கடைக்கு மேல்மாடி. கீழே இயந்திரங்கள் சுற்றும்போது மேலே என் கட்டிலும் கொஞ்சம் நகர்கிறது. ராத்திரி ஜன்னலோரம் படுத்தவன் காலையில் கதவோரம் எழுந்திருக்கிறேன்.

வேலையும் கிடைத்துவிட்டது. ஐந்து நாற்காலி போட்ட பெரிய பல் மருத்துவமனை. இங்கே பல்லில் கை வைக்க ஒரு செய்முறைத் தேர்வு தேற வேண்டும் என்று சொன்னேன் இல்லையா, அது மார்ச்சில். இருபத்திரண்டு வருடம் பல் பிடுங்கியவனுக்கு அது ஒரு பொருட்டா.

முட்டிக்குக் களிம்பு தடவ மறக்காதே.

உன் தம்பி

•

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முட்டி மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி அதன் இஷ்டத்துக்கு நடக்கிறது.

உன் கடிதத்தைக் கிளினிக்கில் என் டோக்கன் மேஜையில் வைத்துப் படித்தேன். காத்திருந்த வக்கீல், "டாக்டர் எழுதியிருக்காரா, சத்தமாப் படிங்கம்மா, எங்களுக்கும் பொழுது போகும்" என்றார். படித்தேன். கேப் கதையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் முழுங்கிவிட்டேன். அவர் மத்தியானம் வரை அரசு மருத்துவமனை, சாயங்காலம் நம் கிளினிக் என்று ஓடுகிறார். உன் நாற்காலியில் இன்னும் ஓரமாகத்தான் உட்காருகிறார், நீ வந்து எழுப்பிவிடுவாய் என்கிற மாதிரி.

வக்கீல் எதற்கு வந்தார் தெரியுமா. கோர்ட்டில் குரலை உயர்த்தியபோது மேல் பல்செட் கழன்று எதிர்க்கட்சி வக்கீல் மேஜையில் போய் விழுந்ததாம். அவர் எடுத்துத் துடைத்துக் கொடுத்தாராம். "கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அதுக்கப்புறம் எங்கம்மா சண்டை போடறது, சமரசமாப் போயிட்டோம்" என்றார்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். போன் வேண்டாம். போனில் நீ என்னைச் சிரிக்க வைத்தே தப்பித்துவிடுவாய். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். கடிதம் எழுது. எழுதும்போது நாலு பொய்க்கு நடுவே ஒரு நிஜமாவது உன்னையறியாமல் வந்துவிடும்.

அங்கே உன் முதல் நோயாளி யார், எந்தப் பல், அழுதாரா, அதை எழுது.

அக்கா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர்தான். மூன்று சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறேன். பார்ப்பவர்களுக்கு நான் வசதியாகச் சாப்பிடுகிறவன் போலத் தெரியும்.

வேலை பிடித்திருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஐந்து வரை நிமிர நேரமில்லை. ஒரு நாளைக்கு முந்நூறு கருவியாவது என் கை வழியாகப் போகிறது. எனக்கென்று தனி அறை. பின்பக்கம், ஜன்னல் கிடையாது, ஆனால் ஒரு தொந்தரவும் கிடையாது. அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள். முதலாளி டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. போன வாரம் எல்லாரையும் கூட்டி வைத்து, இவர் வந்த பிறகு இங்கே சுத்தம் என்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது என்று சொன்னார். கை தட்டினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

முதல் நோயாளியைக் கேட்டிருந்தாய். நோயாளிகளைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று இங்கே கண்டிப்பு. உன் டோக்கன் மேஜை இங்கே இருந்தால் உன்னை முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

கேப்பை நானே ஒட்டிக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று, வாயைத் திறந்து, எனக்கு நானே "ஆ காட்டுங்க" என்று சொல்லி. கொஞ்சம் கோணலாக நிற்கிறது. சிரித்தால்தான் தெரியும்.

வக்கீலுக்கு என் வணக்கம் சொல்.

உன் தம்பி

•

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு தேவலையா. மார்ச்சில் தேர்வு என்றாய். மார்ச் போய் ஏப்ரலும் பத்து நாளாகப் போகிறது. நடுவில் நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை.

நல்ல செய்தி முதலில். குட்டி முழுகாமல் இருக்கிறாள். நவம்பர் என்று சொல்கிறார்கள். அவளுக்கு இப்போதே காபி வாசனை ஆகவில்லை, எனக்குத்தான் கஷ்டம். ஒளிந்து குடிக்கிறேன்.

அடுத்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையும் உன் வழியிலேயே விண்ணப்பம் போட்டிருக்கிறார். உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார், மருந்துச் சீட்டு மாதிரி. "தனி அறையாம் அத்தை, ஆள் நுழைய அனுமதி வேணுமாம்" என்று என்னிடமே படித்துக் காட்டுகிறார், நான் படிக்காதது போல. குட்டி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அவள் அப்படிப் போனால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

நிரந்தர வேலை. அரசாங்கச் சம்பளம். பிறக்கப்போகிற குழந்தை. இதையெல்லாம் உன் எழுத்தை நம்பி விடப் பார்க்கிறார். ஆகவே சிரிப்புக் காட்டாமல் சொல். தேர்வு என்ன ஆயிற்று?

அக்கா

•

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டியின் செய்தி கேட்டு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அதனால்தான் இரண்டரை மாதம் ஆகிவிட்டது. தபாலும் இங்கே சரியில்லை. இது முந்தைய வாக்கியத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக உண்மை.

தேர்வெல்லாம் ஒரு வழியாக முடிந்தது. இனி அதைப் பற்றிக் கவலையில்லை.

வெயில் வந்துவிட்டது. மூன்று சட்டையும் ஒன்றாகிவிட்டது. பக்கத்து அறைக்காரர் லாரி ஓட்டுகிறார், ஊரில் அவர் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பாத்திரத்தில் சமைத்துத் தனித்தனியாகச் சாப்பிடுகிறோம்.

மாப்பிள்ளை அவசரப்பட வேண்டாம். நிதானமாக யோசிக்கட்டும். இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கேயும் நன்றாகத்தானே இருக்கிறது. குட்டியைப் படி ஏறும்போது கவனமாக ஏறச் சொல்.

உன் தம்பி

•

செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு விசா வந்துவிட்டது. பிப்ரவரிக்குள் அங்கே வந்து இறங்க வேண்டுமாம். நீண்ட விடுப்பு கேட்டார், மருத்துவமனையில் மறுத்துவிட்டார்கள். வேலையை விட்டால்தான் வர முடியும்.

தம்பி, உன் மூன்று கடிதத்தையும் வரிசையாக வைத்துப் படித்தேன். இருபத்திரண்டு வருடமாக நீ கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், "அக்கா, இன்னைக்கு ஒருத்தன் வந்தான் பாரு" என்றுதான் ஆரம்பிப்பாய். எட்டு மாதமாக உன்னிடம் ஒருத்தனும் வரவில்லை. ஒரு வாய், ஒரு பல், ஒரு கத்தல் கிடையாது. சட்டமாம். நீ எப்போது சட்டத்துக்குப் பயந்தாய்? பிறர் பல்லைப் பற்றிப் பேசாதே என்று கடவுளே வந்து சொன்னாலும் அவருக்கு எத்தனை பல் என்று எண்ணிவிட்டு எங்களிடம் வந்து சொல்லுகிறவன் நீ.

எனக்கு என்னவோ தோன்றுகிறது, சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையும் எழுதியிருக்கிறார், கூடவே வைத்திருக்கிறேன். அவருக்காவது உள்ளதைச் சொல்.

அக்கா

•

செப்டம்பர் 6

மதிப்பிற்குரிய மாமாவுக்கு வணக்கம்.

நலம்தானே மாமா. கேப் எப்படி இருக்கிறது? அத்தை ஒன்றும் சொல்லவில்லை, வக்கீல் சொல்லிவிட்டார். மன்னிக்கவும். வந்ததும் நானே சரிசெய்து தருகிறேன்.

நான் சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. இங்கே ஒரு நாளைக்கு எண்பது பேர். பிடுங்குவதைத் தவிர வேறு எதற்கும் நேரமில்லை. படித்ததெல்லாம் கையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் இந்த வயதில் துணிந்து போனீர்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கும் தோன்றியது. குட்டி, "மாமா வரச் சொன்னா வரேன், இல்லேன்னா இல்லை" என்கிறாள். எனக்கும் அதுதான். வரலாமா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை

•

அக்டோபர் 25

அன்புள்ள அக்காவுக்கு, மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்,

நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை, ஆனாலும் கேட்கிறேன். குட்டிக்கு மாதம் நெருங்கிவிட்டது. அவளைப் படிக்க வைக்காமல் நீங்கள் இருவர் மட்டும் படியுங்கள்.

நான் இங்கே பல் டாக்டர் இல்லை. கருவி கழுவுகிறவன்.

அந்த முந்நூறு கருவியும் கழுவ வந்த கருவிதான். தனி அறை என்றது கழுவும் அறை. அனுமதி இல்லாமல் யாரும் வரக் கூடாது என்று ஒட்டியிருப்பது கிருமிக்காக, என் மரியாதைக்காக அல்ல. கை தட்டினார்கள் என்று எழுதினேனே, அது நிஜம். மாதத்தின் சிறந்த துப்புரவாளர் என்று ஒரு அட்டையும் கொடுத்தார்கள். முழங்கை வரை கையுறை, முழங்கால் வரை ரப்பர் ஏப்ரன். முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிறகு ஒவ்வொன்றாகப் பையில் அடைத்து, நீராவிப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். வெளியே வரும்போது பையில் உள்ள நீலக்கோடு பழுப்பாகியிருந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் கத்தினார். கத்தலை வைத்தே சொல்கிறேன், மரத்துப்போகும் ஊசி சரியாக இறங்கவில்லை. இன்னும் ரெண்டு நிமிஷம் பொறு என்று சொல்லக் கதவு வரை போய்விட்டேன். கதவில் ஒட்டியது உள்பக்கமும் ஒட்டியிருந்தது.

தேர்வு எழுதினேன். மூன்று தடவை. மூன்று தடவையும் தோற்றேன்.

அங்கே நோயாளி கிடையாது. ஒரு பிளாஸ்டிக் தலை, இரும்புக் கம்பியில் செருகி வைத்திருப்பார்கள். ரப்பர் கன்னம், பிளாஸ்டிக் பல். மனுஷன் இல்லாத இடத்தில் எனக்கு வேலை ஓடாது என்று உனக்குத் தெரியும். மார்ச்சில் அந்தத் தலையிடம், "வலிச்சா இடது கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டேன். கை இருந்தால்தானே. தேர்வாளர் குறித்துக்கொண்டார். பேச்சுக்கொடுத்த வேகத்தில் பக்கத்துப் பல்லில் கீறல் விழுந்துவிட்டது. அதோடு சரி.

ஜூனில் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மேல்வரிசைக் கடைவாய்ப்பல். எனக்குத்தான் நோயாளி தலையை நமக்குத் தோதாகத் திருப்பிக்கொள்கிற பழக்கம் உண்டே. திருப்பினேன். கம்பியிலிருந்து கழன்று என் மடியில் வந்துவிட்டது. தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கோலத்தை நினைத்துப் பார். பக்கத்து மேஜைப் பெண் வீறிட்டுவிட்டாள், பாவம், அவளும் தோற்றிருப்பாள்.

இந்த மாதம் மூன்றாம் தடவை. பேசவில்லை, திருப்பவில்லை. பல்லில் குடைந்த குழி அவர்கள் கேட்ட ஆழத்தைவிட அரை மில்லிமீட்டர் கூடிவிட்டது. அரை மில்லிமீட்டர், மாப்பிள்ளை. நகத்தில் ஒட்டும் அழுக்கு அவ்வளவு இருக்கும். மற்ற எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண்.

இதுதான் உள்ளது. இதை எழுத எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது, குட்டிக்கு ஆனது போல. அவளுக்காவது கடைசியில் கையில் ஒன்று இருக்கும். மாப்பிள்ளை, நீங்கள் வர வேண்டாம். என் அறையில் இரண்டு பேருக்குக் கையுறை கிடையாது.

வெட்கத்துடன்,
உன் தம்பி

•

நவம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு,

குட்டிக்குப் பெண் பிறந்திருக்கிறது. தாயும் சேயும் சௌக்கியம். பல் இல்லாமல் சிரிக்கிறது, உன்னைப் போல என்று வக்கீல் சொன்னார்.

உன் கடிதத்தைப் படித்தேன். இருபத்திரண்டு வருடம் உன் கருவியை நான் கழுவி வைத்திருக்கிறேன். அதையே நீ அங்கே செய்தால் எனக்கு எதற்கு உறுத்த வேண்டும். வேலையில் என்னடா கேவலம். எனக்கு வலித்தது நீ ஒன்பது மாதம் தனியாக வெட்கப்பட்டதுதான்.

ஆனால் நீ நினைத்தது நடக்கவில்லை. மாப்பிள்ளை உன் கடிதத்தை மூன்று முறை படித்தார். தலை மடியில் விழுந்த இடத்தில் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பிறகு முகம் மாறிவிட்டது. "அத்தை, மூணு தடவை உக்காந்திருக்கார் பாருங்க. இந்த வயசுல, ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு மறுபடி போய் உக்காந்திருக்கார். நான் எண்பது பேரைச் சாக்கு சொல்லிட்டு இருக்கேன்" என்றார். அப்புறம், "கடைசியா வெறும் அரை மில்லிமீட்டர் அத்தை. என்னென்ன தப்பு நடக்கும்னு மாமாவுக்கு ஒண்ணு விடாமத் தெரியும். பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுத்தார்னா நான் முதல் தடவையே தாண்டிடுவேன், அவரையும் கூட இழுத்துட்டுப் போயிடுவேன்" என்றார்.

எட்டாம் தேதி ராஜினாமா கொடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாமாம், டிசம்பர் எட்டு வரை. அதற்கப்புறம் அந்த இடத்துக்கு வேறு ஆள். மாறுகிற மாதிரி தெரியவில்லை. கிளினிக்கில் வருகிறவர்களிடமெல்லாம் உன் கதையைச் சொல்லுகிறார், கேலியாக இல்லை.

குழந்தைக்கு உன் ஆசீர்வாதத்தை எழுது.

அக்கா

•

நவம்பர் 22

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நாங்கள் நலம்.

இன்று கிளினிக்குக்கு ஒரு கவர் வந்தது. மாப்பிள்ளைக்கு வருகிற அதே தேர்வு வாரியத்து முத்திரை. அவருக்குத்தான் என்று நினைத்துக் கிழித்துவிட்டேன். உள்ளே உன் பெயர். விண்ணப்பத்தில் நம் விலாசத்தையே கொடுத்திருக்கிறாய் போல. எனக்குத் தெரிந்த இங்கிலீஷுக்கு எழுத்துக்கூட்டிப் படித்தேன். சந்தேகம் வந்து அகராதி எடுத்துப் பார்த்தேன். மார்ச், ஜூன், அக்டோபர் என்று மூன்று தேதி போட்டு, மூன்றுக்கும் எதிரே ஒரே வார்த்தை. ஆள் வரவில்லை. மூன்று முறை வராததால் உன் விண்ணப்பத்தை மூடிவிட்டார்களாம்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. தோற்றேன் என்று பொய் சொல்லுகிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கவரை அடுப்பில் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை அதைக் கண்ணால் பார்த்தால் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார். நீயே சொன்னால் வேறு மாதிரி பார்ப்பார். நான் சொன்னால் எடுபடாது. பெண்ணையும் பேத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாமியார் கட்டிய கதை என்று ஆகிவிடும். அதனால் அவர் பெயருக்கே எழுது. உன் கையெழுத்தில் வந்தால் நம்புவார். இது உனக்கு முப்பதாம் தேதிவாக்கில் கிடைக்கும். அன்றைக்கே எழுதிப் போட்டால் எட்டாம் தேதிக்கு முன்னால் வந்துவிடும்.

போன் செய்து ஞாபகப்படுத்த மாட்டேன். உனக்கு நாற்பத்தாறு வயது.

அக்கா

•

நவம்பர் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நீங்களும் குட்டியும் குழந்தையும் சுகம் என்று அக்கா எழுதியிருந்தாள். குழந்தைக்கு என் ஆசீர்வாதம். அவளுக்கு மட்டும்தான் நான் இன்னும் பொய் சொல்லவில்லை.

நான் அந்தத் தேர்வை எழுதவில்லை. ஒரு தடவைகூட எழுதவில்லை.

மார்ச்சில் வாசல் வரை போனேன். வரிசையில் முப்பது பேர், எல்லாரும் உங்கள் வயது. எனக்கு முன்னால் நின்றவன் திரும்பி, "சார், நீங்களா?" என்றான். கல்லூரியில் நான் இரண்டு வருடம் பாடம் எடுத்தேன் இல்லையா, அப்போது படித்தவன். தடிமனான கண்ணாடி போட்டிருப்பான், சோடாபுட்டி என்று கூப்பிடுவோம். வாய்மொழித் தேர்வில் அவன் ஒரு பல்லின் வேர் எத்தனை என்று தடுமாறியபோது, "தம்பி, துணிக்கடை வைக்கலாமே, அங்க எண்ண வேண்டியதில்லை" என்று சொல்லி எல்லார் முன்னாலும் அவனைத் தோற்கடித்தவன் நான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் நல்ல நகைச்சுவை என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது. அவன் அதை மறந்துவிட்டான் போல. "சார் எனக்குப் பக்கத்து மேஜையா இருந்தா தைரியமா இருக்கும்" என்றான். அடையாள அட்டையை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அட்டை என் கையில்தான் இருந்தது. அவன் பார்த்தான்.

ஜூனில் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அக்டோபரில் வேலைக்குப் போய்விட்டேன். அந்த நேரத்தில் நீராவிப் பெட்டிக்கு முன்னால் நின்று கோடு பழுப்பாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்டிக் தலையோடு பேசியதும், அது மடியில் விழுந்ததும், அரை மில்லிமீட்டரும் சோடாபுட்டி பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது எனக்குச் சொன்ன கதைகள். மார்ச்சோடு சேர்த்து மூன்று தடவை தோற்றது அவன். நான் அதை இரவல் வாங்கிக்கொண்டேன். ஜூனில் அவன் தேறிவிட்டான். போய் உட்காரவேயில்லை என்று எழுத முடியவில்லை, மாப்பிள்ளை. தோற்றேன் என்று எழுத முடிந்தது. தோற்றவனுக்காவது ஒரு கதை இருக்கிறது. நீங்களும் சிரித்தீர்கள், அக்கா எழுதினாள். சிரித்தார்கள் என்று படித்ததும், வெட்கங்கெட்டவன், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதற்கடுத்த வரியில்தான் நீங்கள் ராஜினாமா கொடுத்திருந்தீர்கள்.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அந்த அறையில் விளக்கு எந்தப் பக்கம் தொங்குகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் கெட்டிக்காரர், தனியாக வந்தாலும் தேறலாம். ஆனால் அதை என்னைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குட்டியோடு உட்கார்ந்து, என்னைக் கழித்துவிட்டு, முதலிலிருந்து யோசியுங்கள். யோசிக்க அவகாசம் வேண்டும் என்றால் எட்டாம் தேதிக்குள் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கே சேர்த்தால் ஏழாம் தேதி உங்கள் கையில் இருக்கும் என்று தபால் அலுவலகப் பெண் சொன்னாள். அவளிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நம்ப மட்டும் செய்யுங்கள், இந்த ஒரு கடிதத்தை.

உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே இருப்பது எழுதிய தேதி. தபாலில் சேர்ப்பது இன்று, டிசம்பர் 11.